மொட்டைமாடி நாட்டியம்

உங்கள் தலைக்கு மேலே எப்போதாவது நாட்டிய வகுப்பு நடந்ததுண்டா? நடந்திருந்தால் நீங்கள் பாக்கியசாலி என்று சொல்ல மாட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சற்றே கண்ணயரலாம் என்று படுக்கிறீர்கள். அப்போது பார்த்து, கூரைக்கு மேலே இருபது ஜோடிக் கால்கள் 'தெய்யா தெய்' என்று இறங்குகின்றன. மின்விசிறி ஒரு தினுசாக ஆடுகிறது. சமையலறை அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்துவிடுகின்றன. தூக்கமாவது ஒன்றாவது!

சென்ற மாதம் ஒசூரில் என் பெரியம்மா பெண்ணின் வீட்டில் மூன்று நாள் தங்கியிருந்தேன். அக்கா நாட்டிய டீச்சர். மொட்டைமாடியில் கூரை போட்டு ஒரு நீள அறை. அதுதான் அவளுடைய கலைக்கூடம். கீழே படுத்துக்கொண்டு டம்ளர்களின் சங்கீதத்தைக் கேட்ட பாவி நான்தான்.

ஒசூர் என்றால் உங்களில் பலருக்கு, பெங்களூருக்குப் போகிற வழியில் பஸ் நிற்கிற ஊர், காப்பி சாப்பிடுகிற ஊர். அவ்வளவுதானே? ஆனால் உங்கள் மணிக்கட்டில் இருக்கிற டைட்டன் கடிகாரமும், உங்கள் வீட்டுக்காரர் ஓட்டுகிற மோட்டார் சைக்கிளும், காய்கறி ஏற்றி வருகிற லாரியும் அந்த ஊரில் பிறந்தவையாக இருக்கலாம். ரோஜாப்பூவும் அங்கிருந்து விமானம் ஏறுகிறது. ஜூஜுவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அது கர்நாடகம். இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் கன்னடம் என்று கோடு போட்டுப் பிரித்துவிடலாம் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்குகின்றன. தொழிற்சாலைகள் வந்த பிறகு ஹிந்தியும் ஒரியாவும் சேர்ந்துகொண்டன.

"காலை நல்லா மடக்கு" என்ற ஒரு வாக்கியத்தை அக்கா நாலு பாஷையில் சொல்லுகிறாள். நாலு பாஷையிலும் குழந்தைகள் மடக்குவதில்லை. அந்த விஷயத்தில் தேச ஒற்றுமை பூரணமாக இருக்கிறது.

கிருஷ்ணகிரி மாவட்டம் 2004-ல் உதயமாயிற்று. ஏறக்குறைய அதே சமயத்தில்தான் அக்காவும் ஒசூருக்கு மருமகளாக வந்து சேர்ந்தாள். அத்தான் தொழிற்சாலை ஒன்றில் எஞ்சினீயர். சென்னையில் மேடை ஏறிக்கொண்டிருந்த பெண், இங்கே வந்து முதல் வருஷம் முழுவதும் ஜன்னல் வழியாகக் குன்றின் மேலுள்ள சந்திரசூடேஸ்வரர் கோயிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். பக்கத்து வீட்டு அம்மாள், "நீங்க டான்ஸ் ஆடுவீங்களாமே, எங்க பொண்ணுக்குச் சொல்லிக் குடுங்களேன்" என்றாள். அந்த ஒரு பெண் இப்போது அறுபது பெண்களாகவும் இரண்டு பையன்களாகவும் ஆகியிருக்கிறாள்.

தொழில் ஊரில் நாட்டிய வகுப்பு நடத்துவது தனி சாமர்த்தியம். அம்மா காலை ஷிப்டு, அப்பா இரவு ஷிப்டு. குழந்தையை யார் கொண்டுவந்து விடுவது, யார் அழைத்துப் போவது? மாசத்துக்கு ஒரு தரம் ஷிப்டு மாறினால் வகுப்பின் நேரமும் மாறும். சுவரில் அக்கா ஒட்டியிருக்கிற அட்டவணையைப் பார்த்து, இது ரயில்வே கால அட்டவணையோ என்று நினைத்தேன். 2020-ல் ஊரடங்கு வந்தபோது கைப்பேசியில் வகுப்பு நடத்தினாளாம். அக்கா இங்கே தட்டுக்கழியைத் தட்டினால், சத்தம் அங்கே அரை விநாடி கழித்துப் போய்ச் சேரும். குழந்தையின் கால் சத்தம் இன்னும் அரை விநாடி கழித்துத் திரும்பி வரும். "எல்லாக் குழந்தையும் தாளம் தப்பறமாதிரியே இருக்கும். தப்பறது அவங்களா, டெலிபோனான்னு எனக்கே தெரியாது" என்றாள்.

இந்தப் பெண்மணியிடம் நான் போனது சும்மா உறவு கொண்டாடத்தான். ஆனால் போன முதல் நாளே வீட்டில் ஒரு இறுக்கம் தெரிந்தது. அத்தான் அதிகமாகப் பேசவில்லை. இரவு சாப்பாட்டின்போது, "உங்க அக்கா ஒரு வார்த்தைக்காக ஏழு பிள்ளைங்களை அனுப்பிட்டா" என்று மட்டும் சொன்னார். அக்கா ரசத்தைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

விஷயம் இதுதான். பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி. எட்டு வயதில் வந்து சேர்ந்தவள். நல்ல கால், நல்ல முகம். அவளுடைய பாட்டிக்கு உடம்பு சரியில்லை; பேத்தியின் அரங்கேற்றத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. தகப்பனார் ஒப்பந்தத் தொழிலாளி. சீட்டுப் போட்டுக் காசு சேர்த்திருக்கிறார். தாயார் மின்னணுத் தொழிற்சாலைக்குப் போகிறாள். எல்லாம் கூடிவந்த நேரத்தில், "இன்னும் ஒரு வருஷம் போகட்டும்" என்று அக்கா சொல்லிவிட்டாள்.

அந்த அம்மாள் வெறுங்கையோடு வாதாட வரவில்லை. கைப்பேசியில் படித்துவிட்டு வந்திருந்தாள். "பாலசரஸ்வதி அம்மா ஏழு வயசுல அரங்கேற்றம் பண்ணலையா டீச்சர்? எங்க பொண்ணுக்குப் பதிமூணு!"

கேட்டால் நியாயமாகத்தானே இருக்கிறது? அக்காவுக்கும் அந்த நிமிஷம் பதில் வரவில்லையாம். ராத்திரி மாடியில் பாயை விரித்து உட்கார்ந்து என்னிடம்தான் பதில் சொன்னாள்.

பாலசரஸ்வதி 1925-ல் காஞ்சீபுரத்தில், அம்மன் சந்நிதியில், ஏழு வயதில் அரங்கேறியது உண்மைதான். ஆனால் நாலு வயதிலிருந்தே கந்தப்பப் பிள்ளையிடம் தினந்தோறும் பாடம். பாட்டி வீணை தனம்மாள். தாயார் ஜயம்மாள் பாடகி. அந்த வீட்டில் குழந்தைக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. மூச்சு விட்டால் போதும். இது ஒரு பக்கம்.

"இன்னொண்ணு கவனிச்சியா?" என்றாள் அக்கா. "அவங்களுக்கு அரங்கேற்றம்னா வேலைக்குச் சேர்ற முதல் நாள். நம்ம பிள்ளைங்களுக்கு அது கடைசி நாள். ஆல்பம் வரும், வீடியோ வரும். பத்தாம் வகுப்பு வரும். சலங்கை பரணுக்குப் போயிடும்."

இதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காததற்குக் காரணம் உண்டு. என்னுடைய சலங்கையும் பரணில்தான் இருக்கிறது.

உங்களிடம் இதுவரை நான் இதைச் சொன்னதில்லை. 2003-ல், பதினாலு வயதில், நானும் ஓர் அரங்கேற்றம் செய்துகொண்டவள்தான். அக்காவும் நானும் ஒரே டீச்சரிடம் கற்றோம். மாம்பழ நிறப் பட்டில் உடை, மூன்று வகைப் பாயசம், முன்வரிசையில் அப்பாவின் மேலதிகாரிகள். எனக்கு வர்ணம் சரியாக வரவில்லை என்பது எனக்குத் தெரியும். டீச்சருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. வர்ணத்தின் நடுவில் ஒரு தீர்மானத்தில் கணக்கு விட்டுப்போய், அப்படியே நின்றுவிட்டேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று கேட்டால், மற்றவர்கள் ஐந்து விநாடி என்பார்கள். மிருதங்கக்காரர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. டீச்சர் சமாளித்து அடுத்த வரிக்குப் போய்விட்டார். ஜனங்கள் கையும் தட்டினார்கள். அதற்குப் பிறகு நான் ஆடவில்லை. படிப்பு என்று காரணம் சொன்னேன். எல்லாரும் நம்பினார்கள்.

போகட்டும், என் கதை பெரிதல்ல.

அந்தப் பெண்ணுக்குக் குறை என்னவென்று கேட்டேன். திரிகால ஜதி என்றாள் அக்கா. நாட்டியம் பார்த்துப் பழகியவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதங்கள், தில்லானா என்று கச்சேரிக்கு ஒரு வரிசை இருக்கிறதல்லவா? தஞ்சாவூர் நால்வர் என்று புகழ்பெற்ற சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு சகோதரர்கள் சீர்படுத்திய முறை அது. அதிலே வர்ணம்தான் மலை. அரை மணிக்கு மேல் நடக்கும். அதன் துவக்கத்திலேயே, ஒரே ஜதிக்கோவையை முதலில் மெதுவாக, பிறகு இரட்டிப்பு வேகத்தில், பிறகு அதற்கும் இரட்டிப்பாக ஆட வேண்டும். முதல் காலம் பொறுமைக்குச் சோதனை. மெதுவாக ஆடுவது சுலபம் என்று நினைக்கிறவர்கள் ஒரு தரம் அரைமண்டியில் உட்கார்ந்து பார்க்கட்டும்! இந்தப் பெண் முதல் காலத்திலேயே அவசரப்படுகிறாள். இரண்டாம் காலத்துக்கு மாறுகிற இடத்தில் மூச்சு முட்டி, கணக்கு நழுவிவிடுகிறது. பத்துத் தடவை ஆடினால் நாலு தடவை நழுவுகிறது.

"ஆறு தடவை வருதே அக்கா!" என்றேன்.

"மேடையில அந்த நாலுல ஒண்ணு வந்தா?"

நான் வாயை மூடிக்கொண்டேன்.

அரைமண்டி என்றேனே, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றுகிறது. உங்கள் வீட்டுப் பெண்ணும் கற்றுக்கொண்டிருக்கலாம். முழங்கால் பக்கவாட்டில் திரும்ப வேண்டும் என்று குழந்தைகள் பாதத்தை மட்டும் திருப்பிக்கொண்டு நிற்பார்கள். திருப்பம் தொடையின் அடியில், இடுப்பு மூட்டில் தொடங்க வேண்டும். முழங்கால் கால்விரல்களுக்கு நேரே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இருபது வயதில் மூட்டுவலித் தைலம் தேட வேண்டியதுதான். தரையும் முக்கியம். சிமெண்டுத் தளத்தின் மேல் வழுவழுவென்று டைல்ஸ் ஒட்டிய தரை பார்வைக்கு அழகு; கணுக்காலுக்கு எமன். அக்கா முதல் ஐந்து வருஷம் அப்படிப்பட்ட தரையில்தான் சொல்லிக்கொடுத்தாள். பிள்ளைகளுக்கு முன்னங்கால் எலும்பு வலி வந்த பிறகு, இரண்டு வளையலை அடகு வைத்து ரப்பர் விரிப்பும் அதன்மேல் மரப்பலகையும் போட்டாள். பலகை போட்டதிலிருந்து பிள்ளைகளுக்கு வலி குறைந்திருக்கிறது. கீழ்வீட்டில் சத்தம் அதிகமாகியிருக்கிறது. எல்லாருக்கும் நல்லது செய்ய முடியுமா?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சின்னக் குழந்தைகள் வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். அன்றைக்கு நடந்த ஒரு சின்ன சம்பவத்தைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

பெரிய பெண்களுக்கு 'கிருஷ்ணா நீ பேகனே' என்ற கன்னடப் பதத்தை அக்கா சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். வியாஸராயர் பாட்டு என்று சொல்லப்படுவது. பாலசரஸ்வதியின் பெயரோடு ஒட்டிப்போன பதம் அது. தமிழ்நாட்டின் மகா நர்த்தகி, உலகமெங்கும் பேர் வாங்கிக் கொடுத்த பதங்களில் ஒன்று கன்னடம் என்பதைக் கவனியுங்கள். க்ஷேத்ரக்ஞர் பதங்களோ தெலுங்கு. இந்தக் கலை எல்லைக் கோட்டை ஒருநாளும் மதித்ததில்லை. நால்வரில் மூத்தவரான சின்னையாவே தஞ்சாவூரை விட்டு மைசூர் அரண்மனைக்குப் போனவர்தான். செக்போஸ்ட் இல்லாத காலம்!

அக்கா கையை மென்மையாக நீட்டி, "வருவாயாக" என்கிற பாவனையில் கிருஷ்ணனை அழைத்துக் காட்டினாள். ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஆறு வயதுக் குழந்தை, மத்திகிரியிலிருந்து வருகிற கன்னட வீட்டுக் குழந்தை, களுக்கென்று சிரித்தது.

"என்னம்மா சிரிப்பு?"

"எங்கம்மா அண்ணாவை 'பாரோ, பாரோ'ன்னு கூப்பிடுவாங்க மிஸ். அவன் குளிக்க வரமாட்டான். இப்படி..." என்று அது கையை ஆட்டிக் காட்டியது. விரல்களெல்லாம் படபடவென்று மடங்கின. கண்ணில் கோபம், உதட்டில் சிரிப்பு.

அக்கா ஒரு கணம் அசையாமல் நின்றாள். 'பாரோ' என்றால் 'வாரும்' அல்ல, 'வாடா'. 'பேகனே' என்றால் சீக்கிரம். அர்த்தம் அவளுக்குத் தெரியாமலா? தெரியும். ஆனால் இருபது வருஷமாகக் கை மட்டும் கோயிலில் நிற்கிற கிருஷ்ணனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. குளிக்க வராமல் ஓடுகிற பிள்ளையைக் கூப்பிடவில்லை. அந்தக் குழந்தையை நடுவில் வரச்சொல்லி, "இன்னொரு தரம் காட்டு" என்றாள். ஆறு வயது டீச்சர் காட்ட, பன்னிரண்டு பெரிய பெண்களும் அக்காவும் அதைச் செய்தார்கள்.

அன்று மாலை அக்கா அலமாரியிலிருந்து மடிக்கணினியை எடுத்து, சத்யஜித் ராய் 1976-ல் எடுத்த 'பாலா' படத்தைப் போட்டாள். பாலசரஸ்வதிக்கு அப்போது வயது 58. அரைமணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான படம். அதிலே கடற்கரையில் இதே பதத்தை ஆடுகிறார். உடம்பு கனத்துவிட்டது. கடற்காற்று வேறு. ஆனால் கூப்பிடுகிறார் பாருங்கள், எந்தப் பிள்ளையானாலும் ஓடி வந்துவிடும்.

பார்த்து முடித்ததும் அக்கா சொன்னது எனக்கு எதிர்பாராததாக இருந்தது. "இந்தப் பிள்ளைங்க யாரும் நான் ஆடிப் பார்த்ததே இல்லை, தெரியுமா? ஒரு அடவு காட்டுவேன். ஒரு கை காட்டுவேன். முழுசா ஒரு வர்ணம் ஆடிப் பதினொரு வருஷம் ஆச்சு. உட்கார்ந்து கழி தட்டித் தட்டி நானே கழியாப் போயிட்டேன்."

டீச்சர் என்று ஆனபிறகு ஆடக்கூடாது என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. நேரம் இல்லை, முழங்கால் வலி, உடுப்பு பொருந்தவில்லை. நம் வீடுகளில் சமைக்கிறவள் கடைசியில் சாப்பிடுவது போலத்தான் இதுவும்.

இந்த இடத்தில் பெரியவர்களை நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. பாலசரஸ்வதிக்காக 1953-ல் சென்னை மியூசிக் அகாடமியில் நாட்டியப் பள்ளி திறந்தார்கள். அதை நடத்திக்கொண்டே அவர் ஆடவும் செய்தார்: 1961-ல் டோக்கியோ, 1962-ல் அமெரிக்கா, 1963-ல் எடின்பரோ. அமெரிக்க சர்வகலாசாலைகளில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பதம் சொல்லிக்கொடுத்தார். 1973-ல் சங்கீத கலாநிதிப் பட்டம். இரண்டு வருஷம் கழித்துத் தமிழிசைச் சங்கத்தில் தலைமை வகித்தபோது, கச்சேரி வரிசையைக் கோயிலோடு ஒப்பிட்டுப் பேசினார்: அலாரிப்பு கோபுர வாசல், படிப்படியாக மண்டபங்களைக் கடந்து போனால் பதங்கள் கர்ப்பக்கிருஹத்தின் அமைதி. வாசலிலேயே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள்தான் நம்மில் அதிகம்.

எல்லைக்கு அந்தப் பக்கமும் ஒருவர் இருந்தார். ஜட்டி தாயம்மா என்று மைசூர் அரண்மனை நர்த்தகி. தகப்பனார் மல்லர் என்பதால் 'ஜட்டி'. அந்த அம்மையாரிடம் எட்டு வயதில் வந்து சேர்ந்த லம்பாணிப் பெண்தான் கே. வெங்கடலக்ஷம்மா. 1939-ல் மைசூர் சமஸ்தானத்தின் ஆஸ்தான வித்துவாம்சினி. சமஸ்தானங்கள் போயின, வித்தை போகவில்லை. 1965-ல் மைசூர் சர்வகலாசாலையில் நாட்டியப் பிரிவு தொடங்கியபோது, ஏறக்குறைய அறுபது வயதில், அங்கே போய்ப் பாடம் சொன்னார். 1992-ல் பத்மபூஷண், 2002-ல் காலமானார். அரண்மனையில் ஆடியவர், வருகைப் பதிவேடு எடுத்துப் பெயர் கூப்பிட்டிருப்பார் என்று நினைத்தால் எனக்கு ஏனோ சந்தோஷமாக இருக்கிறது.

'எனக்கு வயசாகிவிட்டது' என்று பெருமூச்சு விடுகிற வாசகிகளுக்காக ஒரு தகவல். ருக்மிணி தேவி 1935-ல் முதன்முதலாக மேடை ஏறியபோது அவருக்கு வயது 31. அக்காவிடம் வியாழக்கிழமை தோறும் நாலு தாய்மார்கள் வருகிறார்கள். அதில் ஒருத்திக்கு 43. தொழிற்சாலைச் சீருடையிலேயே வந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தட்டடவு போடுகிறாள். அவளைப் பார்த்து யாராவது சிரித்தால் அக்காவின் தட்டுக்கழி வேறு இடத்தில் விழும்!

ருக்மிணி தேவிக்கும் பாலசரஸ்வதிக்கும் சிருங்காரம் பற்றி ஒத்துக்கொள்ளாது. ஒருவர் வேண்டாம் என்று விலக்கியதை, அதுவே உயிர் என்று மற்றவர் சொன்னார். ஆனால் இருவருக்கும் அபிநயம் சொல்லிக்கொடுத்தவர் ஒரே அம்மாள், மயிலாப்பூர் கௌரியம்மாள். கபாலீசுவரர் கோயிலில் ஆடியவர். கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டுவதை 1947-ஆம் வருஷச் சட்டம் நிறுத்தியது. நிறுத்த வேண்டியதுதான். ஆனால் அந்தக் குடும்பங்களில் வித்தையைக் கையில் வைத்திருந்த பெண்களுக்கு வேறு என்ன வழி என்று அன்று கேட்டவர்கள் குறைவு. நம் வீட்டுப் பெண்கள் கௌரவமாக ஆட ஆரம்பித்தார்கள். சொல்லிக்கொடுக்கத் தெரிந்த அந்த வீட்டுப் பெண்கள் பின்னுக்குப் போனார்கள். நான் பட்டுக் கட்டிக்கொண்டு மேடையில் நின்றபோது இதெல்லாம் எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. டீச்சருக்கு மாசக் கடைசியில் சம்பளம் கொடுக்க "அடுத்த வாரம் தர்றோம்" என்று இழுக்கிற வீடுகளைப் பார்க்கும்போது இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

கதைக்கு வருகிறேன். அக்கா ஒரு வருஷம் போகட்டும் என்றாள் அல்லவா? அந்த அம்மாள் பெண்ணை வேறொரு டீச்சரிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். மூன்றே மாதத்தில் அரங்கேற்றம் என்று அங்கே ஒப்புக்கொண்டார்கள். அவளோடு பேசிப் பழகிய ஆறு வீட்டுப் பிள்ளைகளும் கிளம்பிவிட்டார்கள். ஏழு பேருடைய சம்பளம் என்பது பலகைக்கு வாங்கிய கடனின் மாதத் தவணை. அத்தான் ரசத்தோடு பேசியதில் நியாயம் இருந்தது.

நான் கிளம்ப வேண்டிய நாள் காலையில் வாசல் மணி அடித்தது. தாயும் மகளும். கையில் தட்டு: வெற்றிலை, பாக்கு, ஆப்பிள், ஒசூர் ரோஜா, நடுவில் தங்க எழுத்துப் பத்திரிகை. அரங்கேற்றம் அடுத்த ஞாயிறு. அந்த அம்மாளின் கண் தரையை விட்டு நிமிரவில்லை. "நீங்க வந்து ஆசீர்வாதம் பண்ணணும் டீச்சர். ஆரம்பிச்சு வெச்சது நீங்கதானே" என்றாள்.

பத்திரிகையில் அக்காவின் பெயர் இல்லை. நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தாள். தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, பெண்ணின் பக்கம் திரும்பி, "திரிகால ஜதி வருதா?" என்றாள்.

பெண் பேசவில்லை. கண் ரொம்பிவிட்டது.

அடுத்தவருடைய சிஷ்யைக்குப் பாடம் சொல்லக்கூடாது என்பது நாட்டிய உலகத்தில் எழுதாத சட்டம். அந்த டீச்சருக்குத் தெரிந்தால் வருத்தப்படுவார், அதுவும் நியாயமே. அக்கா செய்தது சரியா என்று என்னைக் கேட்காதீர்கள். நீங்களே யோசித்து எனக்கு எழுதுங்கள். அவள் செய்ததை மட்டும் சொல்லுகிறேன்.

"மாடிக்கு வா" என்றாள்.

அந்த அம்மாளைக் கீழே உட்கார வைத்துக் காப்பி கொடுத்தேன். தலைக்கு மேல் கழியின் சத்தம் கேட்டது. முதல் காலம். நின்றது. மறுபடி முதல் காலம். நின்றது. சமையலறையில் டம்ளர்கள் கிணுகிணுத்தன. "எங்க மாமியார் இன்னும் எத்தனை நாளோ டீச்சரம்மா" என்று அந்த அம்மாள் என்னிடம் சொன்னாள். நான் டீச்சர் இல்லை என்று சொல்லத் தோன்றவில்லை.

மாடியிலிருந்து அக்கா என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். போனேன். புடவையை மேலே இழுத்துச் செருகியிருந்தாள், நெற்றியெல்லாம் வேர்வை. தட்டுக்கழியை என் கையில் திணித்து, தட்டுமனைக்கு எதிரே தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"உனக்கு ஜதி மறந்திருக்காது. நீ சொல்லு. இவளுக்குச் சொன்னா ஏறலை. நான் கூட ஆடணும்."

"அக்கா, உன் முழங்கால்..."

"நீ சொல்லுடீ."

சொன்னேன். இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு வாயில் வந்தது. முதல் காலத்தை அக்கா ஆடியதைப் பார்க்க வேண்டும். உலகத்தில் அவளுக்கு வேறு வேலையே இல்லை என்பதுபோல அவ்வளவு நிதானம். பெண் பக்கத்தில் நின்று, அக்காவின் காலைப் பார்க்காமல் மூச்சைப் பார்த்து ஆடினாள். இரண்டாம் காலத்துக்கு மாறுகிற இடம் வந்தது. முதல் தடவை நழுவிற்று. இரண்டாவது தடவை என் கழி தப்பிற்று. அக்கா என்னை ஒரு முறை முறைத்தாள். மூன்றாவது தடவை மூவருக்கும் சேர்ந்து வந்தது. நாலாவதும் வந்தது. பலகை அதிர்ந்துகொண்டே இருந்தது. மாடிப்படியில் அந்த அம்மாள் காப்பி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள்; எப்போது ஏறி வந்தாளோ தெரியாது.

என் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் வந்தேன்.